எசென்குல் வீட்டுக்கு எடுத்துப்போன ஒரே அரசாங்கச் சொத்து

கிர்கிஸ் நாட்டு அக்-பெல் மலைக்காவல் முகாமின் பண்டகசாலையை இருபத்திரண்டு வருடங்களாகக் கட்டிக் காத்தவர் பிரபோர்ஷிக் எசென்குல். அந்த இருபத்திரண்டு வருடங்களில் அவர் வீட்டுக்கு ஓர் ஆணிகூட எடுத்துப்போனதில்லை. இதற்காக அவரை யாரும் பாராட்டியதும் கிடையாது. ஒருவனுக்குக் கையில் ஆறு விரல் இருந்தால் ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் பார்த்தது. குறை என்று சொல்ல வாய் வராது, இயல்பு என்று சொல்லவும் மனசு வராது.

பிரபோர்ஷிக் என்பது சிப்பாய்க்கு மேலே, அதிகாரிக்குக் கீழே, நிலைப்படியில் உட்கார்ந்திருக்கிற பதவி. தோள்பட்டைக்கு இரண்டு சின்ன நட்சத்திரங்கள் உண்டு. லெப்டினன்டுக்கும் அதே இரண்டு சின்ன நட்சத்திரங்கள்தான். ஆனால் அவனுடைய தோள்பட்டை நடுவே ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு இல்லாத காரணத்தால், நேற்று மீசை அரும்பிய லெப்டினன்ட் எதிரே வந்தாலும் நாற்பத்தேழு வயது எசென்குல்தான் முதலில் விறைத்து நின்று வணக்கம் வைக்க வேண்டும். வைத்தார். கோட்டின்மேல் அவருக்கு ஆசை கிடையாது. அவர் ஆசைப்பட்டதெல்லாம் மூன்றாவது நட்சத்திரத்துக்கு. அது வந்தால் மூத்த பிரபோர்ஷிக். அதற்கு மேலே அந்தப் படிக்கட்டில் படியே இல்லை; ஏறுகிறவனுக்கு அதுவே ஒரு நிம்மதி.

ஐந்து வருடத்தில் வந்திருக்க வேண்டிய நட்சத்திரம் அது. பதினோரு வருடமாக வரவில்லை. இரண்டு முறை அவருடைய பெயர் இருந்த பட்டியல் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போய்ச் சேர்ந்த வாரத்தில் அரசாங்கமே மாறிப்போனது. புதிதாக வந்தவர்கள் பழைய மேசைகளை வெளியே போட்டார்கள். மேசையோடு பட்டியலும் போனது. மூன்றாம் முறை அரசாங்கம் மாறவில்லை, ஆனால் எசென்குல் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டார். பண்டகசாலையின் கடைசி அலமாரியில், சோவியத் காலத்தில் யாரோ முகவரி தப்பி அனுப்பிய நான்கு பெட்டி கடற்படைப் பொத்தான்கள் கிடந்தன. ஒவ்வொரு பொத்தானிலும் அழகான நங்கூரம். பக்கத்துக் கடலுக்குப் போக வேண்டுமென்றாலே வேறு நாடுகளைத் தாண்ட வேண்டிய மலைநாட்டில் இதை எழுதி வைப்பானேன் என்று அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் எழுதாமல் விட்டிருந்தார்கள். எசென்குல் எழுதினார். 'நங்கூரப் பொத்தான், நான்கு பெட்டி, நல்ல நிலையில்.' பிஷ்கெக்கிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்தக் கடிதப் போக்குவரத்து மூன்று வருடம் ஓடியது. விசாரணையில் இருக்கிற மனுஷனுக்கு நட்சத்திரம் கொடுக்கிற வழக்கம் எந்தப் படையிலும் இல்லை.

அவருடைய மனைவி ஜூராகானுக்குப் பதவி பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அவளுக்கு இருந்த குறை வேலி. அவர்கள் தெருவில் பண்டகசாலையில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள், பார்த்தவர்களின் சம்பந்திகள் எல்லோருடைய வேலியும் ராணுவப் பச்சையில் பளபளத்தது. பசுக்கள் ராணுவக் கம்பளி போர்த்திக்கொண்டு குளிர்காலத்தைக் கழித்தன. எசென்குல் வீட்டு வேலி மட்டும் மரம் பிறந்த நிறத்தில் நின்றது.

"நம்ம வீட்டுக்கு வழி கேட்டா என்ன சொல்றாங்க தெரியுமா? பெயின்ட் அடிக்காத வீடு, அதான் ஸ்டோர்காரர் வீடுங்கறாங்க," என்பாள். "திருடச் சொல்லல. ஒரு டப்பா தவறிக் கொட்டிப்போச்சுன்னு சொல்லி, கொட்டினத நம்ம வேலி மேல கொட்டுங்கன்னுதான் சொல்றேன்."

எசென்குல் தேநீர்க் கிண்ணத்தை ஊதுவார்.

அவரிடம் ஒரு மிட்டாய் டப்பா இருந்தது. முதல் பட்டியல் போன அன்று, நரீன் நகரத்து ராணுவக் கடையில் சொந்தக் காசில் இரண்டு சின்ன நட்சத்திரங்கள் வாங்கி, தோளுக்கு ஒன்று என்று பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பல்பொடி போட்டுத் தேய்ப்பார். பதினோரு வருடத் தேய்ப்பில் அவை தளபதியின் தோளில் இருந்தவற்றைவிடப் பிரகாசமாக இருந்தன. டப்பாவை முகாமே அறியும். புதிதாக வந்த சிப்பாய்களுக்குக் கொடிமரத்தையும் கழிப்பறையையும் காட்டிய கையோடு, "அந்த டப்பால ரெண்டு நட்சத்திரம் தூங்குது, சத்தம் போடாத," என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

சரி, அந்த செப்டம்பர் வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

மூத்த லெப்டினன்ட் ஆர்கெனைக் கேப்டன் ஆக்கிய உத்தரவு அன்று காலை தந்தியில் வந்தது. மறுநாள் பத்து மணிக்கு ஜெனரல் ஒருவர் வந்து, அணிவகுப்பில், கொடிக்கு முன்னால், அதைப் படித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. ஆர்கென் பிஷ்கெக் பையன். அவனுடைய அப்பா பேருந்து ஓட்டுநர். மகன் கேப்டன் ஆவதைப் பார்க்க, உத்தரவு வரும் முன்பே கிளம்பி, ஒன்றரை நாள் வண்டியோட்டி வந்து விருந்தினர் அறையில் காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

கேப்டனுக்குத் தோளுக்கு நான்கு சின்ன நட்சத்திரம், ஆக எட்டு. ஆர்கெனிடம் ஏற்கெனவே ஆறு. மேற்கொண்டு வேண்டிய இரண்டைப் பண்டகசாலை தர வேண்டும். பண்டகசாலையில் கடைசியாக இருந்ததே அந்த இரண்டுதான். பிஷ்கெக் அந்த வருடம் அக்-பெல்லுக்கு அனுப்பியது எல்லாம் பெரிய நட்சத்திரங்கள். ஒரே ஒரு மேஜர் இருக்கிற முகாமுக்கு ஒரு பெட்டி நிறைய மேஜர் நட்சத்திரம். மேலே இருப்பவர்கள் ஏதாவது திட்டத்தோடுதான் அனுப்பியிருப்பார்கள் என்று எசென்குல் அவற்றை வாங்கி, நங்கூரங்களுக்குப் பக்கத்தில் அடுக்கினார்.

நட்சத்திரத்தைக் கழுவாமல் தோளில் குத்தக் கூடாது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, அதனால்தான் யாரும் மீறுவதில்லை. கண்ணாடிக் கோப்பையில் நட்சத்திரங்களைப் போட்டு, வோட்கா ஊற்றி, பதவி பெற்றவன் ஒரே மூச்சில் குடித்து, நட்சத்திரங்களை உதட்டால் பற்றி எடுத்து, "கேப்டன் இன்னார், புதிய பதவி பெற்றதை முன்னிட்டு உங்கள் முன் நிற்கிறேன்" என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கூட்டாளிகள் அவனைக் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக இந்தச் சடங்கை நடத்தி வைத்தவர் எசென்குல். நட்சத்திரத்தின் முதுகில் இருக்கும் இரண்டு உலோக மீசைகளை உதட்டில் குத்தாதபடி உள்பக்கமாக மடக்கி விடுவது அவருடைய தனிப்பட்ட கண்டுபிடிப்பு. அன்றைக்கும் எட்டையும் மடக்கினார். பின்னால் அவர் உயிரோடு இருந்ததற்கு அதுவே காரணம்.

இந்த முறை ஒரு சிக்கல். முகாமுக்குள் வோட்கா கூடாது என்று புது உத்தரவு. முகாம் தளபதி லெப்டினன்ட் கர்னல் பெக்தெமிர் உத்தரவுக்கு நடுங்குகிறவர் இல்லை, ஆனால் ஜெனரல் மறுநாள் வருகிறார். எழுத்தர்தான் வழி சொன்னார்: குமிஸ். குதிரைப்பால் புளித்தது. உணவுப் பொருள் பட்டியலில், தயிருக்கு அடுத்த வரியில் இருக்கிறது. எல்லோருக்கும் திருப்தி. மதியம் முகாமுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில், மேய்ப்பரின் கம்பளிக் கூடாரத்தில் கூடினார்கள். கோப்பைக்குப் பதில் மரவை, அதாவது பெரிய மரக்கிண்ணம், வந்தது. எட்டு நட்சத்திரங்களும் உள்ளே விழுந்தன. குமிஸை ஊற்றினார்கள். வோட்காவில் போட்டால் நட்சத்திரம் தெரியும். குமிஸ் வெள்ளை, உள்ளே நட்சத்திரம் கிடக்கிறதா ஆட்டுக்கால் கிடக்கிறதா என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஆர்கென் வாய் வைத்தான். பிஷ்கெக் வயிறு, மரவையோ இரண்டு லிட்டர். கால்வாசியில் கண் பிதுங்கியது. பாதியில் அவன் நிறம் சீருடையின் நிறத்துக்கு வந்தது. தளபதி மனம் இளகி, மரவையை வாங்கி ஒரு மடக்குக் குடித்துப் பக்கத்தில் கொடுத்தார். மரவை கைக்கு வந்தால் குடிக்காமல் அடுத்தவனுக்குத் தள்ளுவது மரியாதை இல்லை. மேஜர் குடித்தார், மருத்துவப் பிரிவுக் கேப்டன் குல்சானா குடித்தாள், எழுத்தர் குடித்தார். கடைசியில் எசென்குல் கைக்கு வந்தது. அவர் தலையைப் பின்னால் சாய்த்து மீதியை முடித்தார். முடிக்கிற நேரத்தில் ஏதோ ஒன்று, காய்ந்த தயிருண்டை மாதிரி, தொண்டையில் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு உள்ளே போனது.

மரவையின் அடியில் ஏழு நட்சத்திரங்கள் இருந்தன.

எசென்குல் மரவையைப் பார்த்தார். பிறகு தன் சட்டையின் நான்காவது பொத்தானைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

தளபதி இரண்டு தடவை எண்ணினார். புல்லில் தேடச் சொன்னார். கம்பளியை உதறினார்கள். கடைசியில் அவர் நிமிர்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒண்ணு குறையுது. அப்படின்னா நம்மள்ல ஒருத்தர், நமக்குத் தெரியாம, உள்ளுக்குள்ளயே பதவி உயர்ந்திருக்கார்."

உடனடியாக விசாரணை தொடங்கியது. தளபதியைச் சந்தேகிப்பது ஒழுங்கீனம். மேஜரைச் சந்தேகிக்கத் தேவையில்லை; பெரிய நட்சத்திரம் வைத்திருக்கிறவர் சின்னதை ஏன் விழுங்கப்போகிறார்? எழுத்தரைக் குதிக்கச் சொன்னார்கள், ஏதாவது கிணுகிணுக்கிறதா என்று. ஆர்கென் தனக்கு எதுவுமே உள்ளே தங்கவில்லை என்பதைப் புல்வெளி ஓரத்தில் எல்லோர் முன்னிலையிலும் நிரூபித்துவிட்டிருந்தான். சந்தேகம் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, எசென்குல் அருகே வந்தது. வந்ததும் மேஜர் வாய்விட்டுச் சிரித்தார். எசெகே என்பது எசென்குலை முகாமில் மரியாதையாகச் சுருக்கிக் கூப்பிடுகிற பெயர்.

"எசெகேயா? அவர் வீட்டு வேலியப் போய்ப் பாருங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். விசாரணை முடிந்தது. இருபத்திரண்டு வருட நேர்மை அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருக்கு உதவியது. உதவிய விதம்தான் சரியில்லை. எசென்குல் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப் பார்த்தார். அப்போது தளபதி ஆர்கெனிடம் திரும்பி, நாளை பத்து மணிக்குள் எட்டாவது நட்சத்திரம் இல்லையென்றால் உத்தரவைப் படிக்கச் சொல்லி ஜெனரலைக் கேட்க முடியாது என்றும், ஏழு நட்சத்திரத்தோடு ஒருவனை நிறுத்தினால் தன்னுடைய நட்சத்திரம் போய்விடும் என்றும், அடுத்த ஜெனரல் வசந்த காலத்தில்தான் வருவார் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். எசென்குல் திறந்த வாயை மூடிக்கொண்டார். தளபதியின் மேசையில் அவருடைய பெயர் உள்ள நான்காவது பட்டியலும் இருக்கிறது என்பதை எழுத்தர் போன வாரமே காதில் போட்டிருந்தார். நங்கூரத்தை எழுதி வைத்ததற்கு மூன்று வருடம். நட்சத்திரத்தைத் தின்றதற்கு எத்தனை வருடம்?

அவர் குல்சானாவின் மருத்துவ அறைக்குப் போனார்.

"தோழர் கேப்டன், ஒரு சந்தேகம். ஒரு சிப்பாய் இருக்கான்னு வைங்க. அவன் உலோகத்துல ஒரு சின்ன சாமானை முழுங்கிட்டான்னு வைங்க."

குல்சானா எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எத்தனை முனை இருக்கற சாமான், பாய்கே?" என்றாள். அண்ணன் என்பதற்கு அங்கே பாய்கே.

"அஞ்சுன்னு வைங்க."

பேனா நின்றது. அவளுக்கு முப்பது வயது. தன்னைவிட மூத்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்குவது நிற்கிறவரை மலையைப் பார்த்தாள். திரும்பியபோது முகம் மருத்துவ முகமாகியிருந்தது. மீசை மடக்கியதா என்று கேட்டாள். மடக்கியது என்றார். வயிற்றை அழுத்திப் பார்த்தாள். இப்போதே நரீனுக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றாள். முகாமின் ஒரே வண்டி ஜெனரலைக் கூட்டிவரப் போயிருக்கிறது, அணிவகுப்பில் தான் இல்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள் என்றார் அவர்.

"அந்தச் சிப்பாய்கிட்ட சொல்லுங்க," என்றாள் குல்சானா. "கஞ்சி, உருளைக்கிழங்கு, ரொட்டி. இது மூணுதான். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. வலின்னு ஒண்ணு வந்துச்சுன்னா அந்த நிமிஷமே எங்கிட்ட வரணும். செவ்வாய்க்கிழமைக்குள்ள சாமான் வெளிய வரலன்னா நானே அவனக் கட்டித் தூக்கிட்டு நரீனுக்குப் போவேன், அங்க கத்தி. அப்புறம், பாய்கே, அந்தச் சிப்பாய் ஒவ்வொரு தடவையும் போனதும் பார்க்கணும். வெக்கப்படாம பார்க்கணும்."

"அவன் கடமைல தவறாத ஆளு," என்றார் எசென்குல்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆட்டுக்கறி மணத்தது. எசென்குல் உருளைக்கிழங்கு கேட்டார். கேட்டதும் ஜூராகானுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இருபத்தைந்து வருடத்தில் அவர் கறியை மறுத்தது அவருடைய அப்பா செத்த அன்று மட்டும்தான். மூன்றாவது கேள்வியில் உண்மை வெளியே வந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆக, அரசாங்கச் சொத்த வீட்டுக்குக் கொண்டு வந்துட்டீங்க."

"ஆமா."

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு."

"ஆமா."

"ஒரு டப்பா பெயின்டக் கொண்டு வந்திருக்கக் கூடாதா, கிழவா? அத முழுங்க வேண்டிய அவசியமும் இருந்திருக்காது."

சிரித்து முடித்த பிறகு அவள் உருளைக்கிழங்கை மசித்து, பால் ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள். வயிறு வலிக்கிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டாள். இல்லை என்றார். வலித்தது வேறு இடம். விருந்தினர் அறை ஜன்னலில், காலணியோடு உட்கார்ந்திருந்த பேருந்து ஓட்டுநரின் தலையை அவர் வரும் வழியில் பார்த்திருந்தார்.

மற்றவர்களிடம் நட்சத்திரம் கடன் கேட்க முடியாது. கேப்டன்கள் இருந்தார்கள், லெப்டினன்டுகள் இருந்தார்கள். ஆனால் தோளில் இருக்கிற நட்சத்திரத்தைக் கழற்றிக் கொடுத்தவன் திரும்ப அதை ஏற்றியதாகச் சரித்திரம் இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். பெரிய நட்சத்திரம் ஒன்றை அரத்தால் தேய்த்துச் சின்னதாக்கலாம் என்று எழுத்தர் யோசனை சொன்னார். தேய்த்துப் பார்த்ததில் மேஜரும் இல்லாத கேப்டனும் இல்லாத ஒன்று வந்தது. முகாமில் யாருடைய தோளுக்கும் சொந்தமில்லாத சின்ன நட்சத்திரங்கள் இரண்டே இரண்டுதான். அவை பஞ்சுக்குள் தூங்கிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை விடிந்ததும் எசென்குல் டப்பாவைத் திறந்தார். பதினோரு வருடத் தேய்ப்பு கண்ணைப் பறித்தது. எதை எடுப்பது என்று வெகுநேரம் பார்த்தார். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை, ஆனாலும் பார்த்தார். கடைசியில் வலப்பக்கம் இருந்ததை எடுத்து, ஏதோ அதற்குக் குளிரும் என்பது போலக் கைக்குட்டையில் சுற்றி, ஆர்கெனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"எங்க கிடைச்சுது, பாய்கே?" என்றான் ஆர்கென். அவனும் இரவெல்லாம் தூங்கவில்லை என்று கண் சொன்னது.

"என் பொறுப்புல இருந்தது," என்றார் எசென்குல். இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. "கழுவல. தனியா, தண்ணியில கழுவிக்க. குமிஸ் வேண்டாம்."

பத்து மணிக்கு ஜெனரல் வந்தார். குதிரை வளர்ப்பு பற்றி நான்கு நிமிடம் பேசினார். அவருக்கு அது தெரிந்த விஷயம். ஆர்கென் கேப்டன் ஆனான். எட்டில் ஒன்று மட்டும் மற்ற ஏழைவிட அதிகமாக மின்னியது. பேருந்து ஓட்டுநர் கடைசி வரிசையில் நின்று, யாரும் கேட்காமலே பக்கத்தில் நின்ற சமையல்காரரிடம், "அந்தப் பளபளன்னு இருக்கறவன்தான்," என்று சொன்னார்.

எல்லாம் முடிந்தது என்று எசென்குல் மூச்சு விட்டபோது தளபதி இன்னொரு தாளை எடுத்தார்.

"பிரபோர்ஷிக் எசென்குல், முன்னே வரவும்."

எசென்குல் ஓடாமல், குதிக்காமல், மருத்துவ ஆலோசனைப்படி நடந்து முன்னே போனார். பதினோரு வருடம் கழித்து வீடு திரும்புகிற குதிரை மாதிரி அந்த நட்சத்திரம் வந்து சேர்ந்தது: மூத்த பிரபோர்ஷிக் பதவி, இன்றைய தேதியிலிருந்து. தளபதிக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. ஒரு வாரமாக இந்த ரகசியத்தை வயிற்றில் வைத்திருந்தவர் அவர். (அங்கே நின்றவர்களில் வயிற்றில் ரகசியம் வைத்திருந்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.) அவர் நட்சத்திரம் கொண்டுவரவில்லை. எதற்குக் கொண்டுவர வேண்டும்?

"எசெகே," என்றார், ஜெனரலுக்கும் கேட்கும்படி, "எடுங்க உங்க டப்பாவ."

ஒரு சிப்பாய் ஏற்கெனவே பண்டகசாலைக்கு ஓடிப்போய் டப்பாவோடு வந்து நின்றான். அணிவகுப்பே கழுத்தை நீட்டியது. பலர் அந்த டப்பாவைப் பார்த்ததுண்டு, திறந்து பார்த்ததில்லை. தளபதி மூடியைத் திறந்தார். பஞ்சில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஒன்றில் நட்சத்திரம்.

கொடி படபடக்கிற சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு எங்க?" என்றார் தளபதி மெதுவாக.

"பணியில இருக்கு, தோழர் லெப்டினன்ட் கர்னல்," என்றார் எசென்குல்.

தளபதியின் பார்வை தானாகவே, அதிகமாக மின்னுகிற இடத்தைத் தேடிப்போனது. ஆர்கெனின் கையும் அதே நேரத்தில் தன் தோளுக்குப் போனது. எசென்குல் அவனைப் பார்த்தார். நங்கூரம் விஷயத்தில் பிஷ்கெக்கையே மூன்று வருடம் எதிர்த்து நின்ற பார்வை அது. ஆர்கென் கையை இறக்கிக்கொண்டான்.

தளபதி தொண்டையைச் செருமினார். இருந்த ஒரு நட்சத்திரத்தை எசென்குலின் வலது தோளில் குத்தினார். ஜெனரல் கைகுலுக்கினார். இடது தோளை அவர் கவனிக்கவில்லை. அல்லது கவனித்து, மலைப்பகுதி வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அடுத்த மூன்று நாட்கள் அக்-பெல் முகாமின் ஒழுங்கு கொஞ்சம் தடுமாறியது. எசென்குல் வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் மூத்த பிரபோர்ஷிக், இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் பிரபோர்ஷிக். இன்னொரு பிரபோர்ஷிக், வண்டிக்கொட்டகைக்காரர், எதிரே வந்தால் யார் முதலில் வணக்கம் வைப்பது என்பது பாதையின் எந்த ஓரத்தில் நடக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எழுத்தர் சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, வலது தோளின் உயர்வு அமலுக்கு வந்துவிட்டது, இடது தோளுடையது நிலுவையில் உள்ளது என்று தீர்ப்புச் சொன்னார். ஜூராகான் சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தனக்கு இடப்பக்கம் உட்காரவைத்தாள்.

"பெரிய பதவிக்காரர் என் பக்கம் இருக்கட்டும். சின்னவர் சுவத்தப் பார்த்துச் சாப்பிடட்டும்."

ஆர்கென் ஞாயிற்றுக்கிழமை வந்து நட்சத்திரத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னான். உன் அப்பா ஊர் போய்ச் சேரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எசென்குல் அனுப்பிவிட்டார். குல்சானா காலையும் மாலையும் பண்டகசாலைப் பக்கம் வந்து, "அந்தச் சிப்பாய் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். "காவலில் இருக்கான், அசைவில்ல," என்று பதில் வரும். திங்கள் மாலை அவள் சிரிக்கவில்லை. நரீனுக்கு வண்டி சொல்லி வைத்துவிட்டதாகச் சொன்னாள். அன்று எசென்குலுக்கு உருளைக்கிழங்கு இறங்கவில்லை. கத்திக்கு அவர் பயப்படவில்லை. எக்ஸ்ரே அறிக்கையில் என்ன எழுதுவார்கள் என்பதற்குத்தான் பயந்தார். 'நட்சத்திரம், சிறியது, ஒன்று, நல்ல நிலையில்.' அதற்கு பிஷ்கெக் கேட்கப்போகிற விளக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, தோட்டத்துக் கோடியில் இருந்த சின்ன மரக்கூண்டிலிருந்து எசென்குலின் குரல் கேட்டது. இருபத்திரண்டு வருடமாக அணிவகுப்பில் கேட்காத கம்பீரம் அதில் இருந்தது.

"ஜூராகான், அந்தப் பழைய பாத்திரத்த எடு."

அவள் எடுத்தாள், பிறகு அது தன்னிடம் திரும்பி வரக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தார். சோடா போட்டுக் கொதிக்க வைத்தார். நீரை மாற்றி இன்னொரு தடவை கொதிக்க வைத்தார். பல்பொடி. மறுபடி சோடா. கூரை இடுக்கில் ஒளித்திருந்த அரை பாட்டில் வோட்காவை, உத்தரவு முகாமுக்குள்தான் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டு, மேலே ஊற்றினார். கிர்கிஸ் படையில் இத்தனை முறை கழுவப்பட்ட நட்சத்திரம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இருக்கப்போவதில்லை. மீசைகள் மடக்கியது மடக்கியபடியே இருந்தன. குல்சானா வந்து அவரைப் பார்த்தாள், நட்சத்திரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாள், நரீன் வண்டியைத் திருப்பி அனுப்பினாள்.

எட்டு மணிக்கு எசென்குல் முகாம் வாசலில் நுழைந்தபோது இரண்டு தோளிலும் மும்மூன்று நட்சத்திரங்கள் இருந்தன. வண்டிக்கொட்டகைக்காரர் இடப்பக்கத்திலிருந்து வந்தும் முதலில் வணக்கம் வைத்தார். நட்சத்திரம் நரீனிலிருந்து வந்ததா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நரீன் வழியாக வரவில்லை என்றார் அவர்.

மத்தியானம் தளபதி கூப்பிட்டனுப்பினார். அறையில் மேஜர், ஆர்கென், குல்சானா, எழுத்தர் எல்லோரும் இருந்தார்கள். மேசை நடுவில் அந்த மரவை, நிறைய குமிஸ்.

"எசெகே, ஊர்ல இருக்கறவன் நட்சத்திரத்தயெல்லாம் நீங்க கழுவி வச்சீங்க," என்றார் பெக்தெமிர். "உங்களுத நாங்க கழுவாம விட்டா ஆண்டவன் மன்னிக்க மாட்டான். வலதுது அன்னிக்கே குத்தியாச்சு, போகட்டும். புதுசா வந்த இடதுதக் கழற்றி உள்ள போடுங்க. நீங்க முதல்ல, அப்புறம் நான், அப்படியே சுத்தி வரட்டும்."

"நான் பணியில இருக்கேன், குடிக்கக் கூடாது," என்றாள் குல்சானா உடனே. சொல்லிவிட்டு மலையைப் பார்க்க ஜன்னலைத் தேடினாள்.

எசென்குலின் கை இடது தோளுக்குப் போய் அங்கேயே நின்றது. தளபதி புன்னகையோடு மரவையை அவர் பக்கம் தள்ளினார். இருபத்திரண்டு வருடம் சடங்கைக் காத்தவர். கழுவாத நட்சத்திரம் நட்சத்திரமே இல்லை என்று எத்தனை லெப்டினன்டுகளுக்குப் பாடம் எடுத்தவர். இன்னொரு பக்கம், தனக்கு மூன்றாவது நட்சத்திரம் வாங்கிக் கொடுத்த மனுஷன் எதிரே உதட்டை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பொய் சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால் அரை நொடியில் ஒரு வழி கண்டுபிடித்திருப்பார். எசென்குலுக்கு உண்மையை விட்டால் வேறு ஆயுதம் கிடையாது. விறைத்து நின்றார்.

"அறிக்கை தர அனுமதிக்கணும், தோழர் லெப்டினன்ட் கர்னல். இந்த நட்சத்திரத்த மறுபடி கழுவ வேண்டியதில்ல. இது வெள்ளிக்கிழமையே, இதே மரவைல, உங்க எல்லார் முன்னாலயும் கழுவினது."

தளபதியின் உதடு மெல்ல அசைந்தது, அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு. அதோடு ஒன்று. ஆர்கெனின் தோளில் அதிகமாக மின்னுகிற ஒன்று. டப்பாவில் காலியாக இருந்த ஒரு பள்ளம். வெள்ளியிலிருந்து செவ்வாய் வரைக்கும் நான்கு நாள். மூன்று வேளையும் உருளைக்கிழங்கு என்று சமையல்காரர் வாயிலாகக் காதில் விழுந்த செய்தி. ஒவ்வொன்றாக அவை அவர் முகத்தில் போய் உட்கார்ந்ததை எசென்குல் அசையாமல் நின்று பார்த்தார். இதோ மூன்று வருட விசாரணை என்று நினைத்துக்கொண்டார்.

எழுத்தர் மட்டும் இன்னும் எதுவும் புரியாமல், "நல்லதாப் போச்சு, அப்ப சும்மாவே குடிக்கலாம்," என்று மரவையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பெக்தெமிர் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். எசென்குலைக் கட்டித் தழுவப் போகிறவர் போல இரண்டு கையையும் விரித்தார். விரித்த கைகள் பாதி வழியில் நின்று, நிலைமையை ஆராய்ந்தன. இடது தோளுக்குக் கிளம்பிய கை திரும்பிப் போய்க் காற்சட்டைப் பைக்குள் நுழைந்தது.

"மூத்த பிரபோர்ஷிக் எசென்குல்," என்றார். குரல் தழுதழுத்ததா, சிரிப்பை அடக்கியதா என்று தெரியவில்லை. "பண்டகசாலைல பச்சை பெயின்ட் ஒரு டப்பா கெட்டுப்போய்க் கிடக்கு. அதக் கழிச்சுக் கட்டி எழுதிட்டேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. இது உத்தரவு."

உத்தரவு என்றால் மீற முடியாது. அந்த வாரமே வேலி பச்சையானது. எசென்குல் ஓய்வு பெறுகிறவரைக்கும் லெப்டினன்ட் கர்னல் பெக்தெமிர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் பிரியமாகத் தட்டிக்கொடுத்தார், வலது தோளில் மட்டும்.